பீம் செயலியும் முடக்கப்பட்ட கணக்கும்: கைபேசிப் பணத்தை யார் கையில் பரவலாக்குவது?

கொட்டிவாக்கத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடலை நோக்கிச் செல்லும் தெருக்களில் விடியற்காலையிலேயே இட்லி வண்டிகள் வந்து நின்றுவிடுகின்றன. ஒவ்வொரு வண்டியின் முகப்பிலும் ஒரு க்யூ.ஆர். அட்டை, சிலவற்றில் வந்த தொகையைத் தமிழில் உரக்கச் சொல்லும் சிறு ஒலிப்பெட்டி. கண்ணகி நகரிலிருந்தும் பெரும்பாக்கத்திலிருந்தும் அடுக்குமாடி வீடுகளுக்கு வேலைக்கு வரும் பெண்கள், மீன் வாங்க வரும் ஓய்வுபெற்ற அதிகாரிகள், மென்பொருள் நிறுவனத்துக்குக் கிளம்பும் இளைஞர்கள் என அனைவரும் அந்த அட்டையின் முன்னால் கைபேசியை நீட்டுகிறார்கள். எண்மப் பொருளாதாரம் அடித்தட்டு மக்களைச் சென்றடைந்துவிட்டது என்பதற்கு ஒன்றிய அரசின் விளம்பரங்கள் காட்டும் படமும் ஏறக்குறைய இதுதான்.

அவ்வாறு வண்டி நடத்தும் ஒரு பெண் எங்களிடம் வந்தார். அவரது வங்கிக் கணக்கு முழுவதும் முடக்கப்பட்டிருந்தது. யாரோ ஒரு வாடிக்கையாளர் இட்லிக்குச் செலுத்திய 60 ரூபாய், வேறொரு மாநிலத்தில் பதிவான இணைய மோசடிப் புகாரொன்றின் பணத்தடத்தில் கடைசிக் கண்ணியாக இருந்ததாம். அந்த 60 ரூபாயை நிறுத்தி வைத்திருந்தால் அவர் எங்களிடம் வந்திருக்கவே மாட்டார். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காகச் சேர்த்த பணமும், மகளிர் குழுவின் மாதத் தவணையும், மறுநாள் அரிசி உளுந்து வாங்க வேண்டிய முதலும் அதே கணக்கில் சிக்கிக்கொண்டன. வங்கிக் கிளையில், காவல்துறை சொன்னதைச் செய்தோம் என்றார்கள். எந்தக் காவல் நிலையம் என்று கேட்டபோது ஒரு மின்னஞ்சல் முகவரியைக் காட்டினார்கள். அந்த முகவரி தமிழில் எழுதப்பட்ட கடிதத்தைப் படிக்கும் முகவரி அன்று.

இக்கட்டுரை அந்த 60 ரூபாயிலிருந்து எழுகிறது. வளரும் நாடுகளில் கைபேசிவழிப் பணப் பரிமாற்றத்தைப் பரவலாக்கப்பட்ட முறையில் வடிவமைக்க வேண்டும் என்று தொழில்நுட்பர்களும் வளர்ச்சிப் பொருளியலாளர்களும் நீண்ட காலமாகப் பேசி வருகிறார்கள். ‘பரவலாக்கம்’ என்ற சொல் நம் காதுக்கு இனிமையாக ஒலிக்கிறது. ஆனால் எதைப் பரவலாக்குவது, யார் கையில் பரவலாக்குவது என்ற கேள்விகளை அந்தப் பேச்சு பெரும்பாலும் எழுப்புவதில்லை. சாதியச் சமூகத்தில் அவற்றை எழுப்பாமல் எந்த வடிவமைப்பையும் நாம் ஏற்றுக்கொள்ள இயலாது.

முதலில், கைபேசியில் ஒரு தொகையை அனுப்பும்போது உள்ளே நிகழ்வது என்ன? பணம் எங்கும் பறந்து செல்வதில்லை. ஓர் ஏட்டில் ஒருவர் கணக்கில் கழித்து, இன்னொரு ஏட்டில் மற்றொருவர் கணக்கில் கூட்டுகிறார்கள். இதில் மூன்று அடுக்குகள் உள்ளன. நாம் தொடும் செயலி ஒரு வாசல். நமது வங்கி ஏட்டை வைத்திருக்கிறது. ஒரு வங்கியின் செய்தியை மற்றொரு வங்கிக்குக் கொண்டு சேர்க்கும் வழிமாற்றி நடுவில் இருக்கிறது. யு.பி.ஐ. முறையில் அந்த வழிமாற்றி ஒன்றே ஒன்றுதான்: இந்திய தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம். ரிசர்வ் வங்கியும் இந்திய வங்கிகள் சங்கமும் முன்னெடுத்து 2008-ல் தொடங்கப்பட்ட, வங்கிகளின் பங்குரிமையில் இயங்கும் இலாப நோக்கற்ற நிறுவனம் இது. 2016 ஏப்ரலில் அறிமுகமான யு.பி.ஐ., 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிமாற்றங்களைத் தாண்டியது.

எந்த வங்கியின் கணக்கிலிருந்தும் எந்த வங்கியின் கணக்குக்கும், எந்தச் செயலி வழியாகவும் பணம் அனுப்பலாம் என்பதால் இதைப் பரவலாக்கப்பட்ட முறை என்று கருதுவோர் உண்டு. வாசல்கள் பல என்பது உண்மை. எனினும் பரிமாற்ற எண்ணிக்கையில் 80 விழுக்காட்டுக்கும் மேல் போன்பே, கூகுள் பே ஆகிய இரண்டே வாசல்கள் வழியாக நிகழ்கிறது. எந்த ஒரு செயலியும் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று 2020-ல் கழகமே விதித்த வரம்பின் நடைமுறைக் காலக்கெடு 2026 டிசம்பர் இறுதி வரை தள்ளி வைக்கப்பட்டுள்ளது. வழிமாற்றியோ ஒன்றுதான். 2025 ஏப்ரல் 12 அன்று அது திணறியபோது நாடு முழுவதும் கடைகளில் கைபேசிகள் சுற்றிக்கொண்டே இருந்தன. அடுக்குமாடிவாசி பணப்பையைத் திறந்தார். அன்றாட வரவை அன்றே செலவழித்து வாழ்பவருக்கோ அந்தச் சில மணிநேரம் ஒரு வேளைச் சோற்றுக் கணக்கு.

இந்த மைய அமைப்புக்கு முகமாக அரசு சூட்டிய பெயரை நாம் கவனிக்க வேண்டும். பணமதிப்பு நீக்கத்தால் புழக்கத்திலிருந்த நாணயத்தின் மதிப்பில் 86 விழுக்காடு ஒரே இரவில் செல்லாமல் போய், கூலித் தொழிலாளர்கள் வங்கி வாசல்களில் வரிசையில் நின்ற அதே காலத்தில், 2016 டிசம்பர் 30 அன்று ‘பீம்’ செயலி வெளியிடப்பட்டது. பீமாராவ் அம்பேத்கரின் நினைவாக இப்பெயர் என்று பிரதமர் அறிவித்தார். அண்ணல் 1923-ல் வெளியிட்ட ‘ரூபாயின் சிக்கல்’ என்னும் நூலைப் படித்த எவரும் இந்த முரணைக் காணத் தவற மாட்டார்கள். நாணயத்தை வெளியிடுவதில் ஆட்சியாளரின் விருப்புரிமைக்கு வரம்பு வேண்டும், அந்த விருப்புரிமையின் விலையை ஏழைகளே விலைவாசியாகச் சுமக்கிறார்கள் என்பது அந்நூலின் மையக் கவலைகளுள் ஒன்று. அவர் பெயரைச் சூட்டிய செயலியோ, ஆட்சியாளரின் விருப்புரிமை உச்சத்தைத் தொட்ட ஐம்பது நாட்களின் முடிவில் வந்தது.

மையத்தில் அமர்ந்திருப்பவர் கையில் இருக்கும் அதிகாரம் வெறும் முடக்கும் அதிகாரம் மட்டுமன்று; வகைப்படுத்தும் அதிகாரமும் கூட. இதற்கு 2021-ஐ விடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அந்த ஆண்டு மார்ச்சில், மகாத்மா காந்தி ஊரக வேலை உறுதித் திட்டக் கூலியைப் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், ஏனையோர் என மூன்றாகப் பிரித்து, மூன்று தனித்தனி நிதிப் பரிமாற்ற ஆணைகள் வழியே வழங்குமாறு ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகம் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. பட்டியல் சாதியினருக்கான வரவுசெலவு ஒதுக்கீட்டின் பயனைக் கணக்கிடவே இது என்று காரணம் சொல்லப்பட்டது. விளைவு என்ன? ஒரே ஏரியில் ஒரே நாளில் மண் வெட்டியவர்களுக்கு வெவ்வேறு நாட்களில் கூலி வந்தது. ஒரு பிரிவினருக்குப் பணம் வந்து மற்றவர்களுக்கு வராத இடங்களில், நேற்று வரை ‘கூலி எப்போது வரும்’ என்று கூடிக் கேட்ட தொழிலாளர்கள், ‘அவர்களுக்கு மட்டும் எப்படி வந்தது’ என்று கேட்கத் தொடங்கினார்கள். ஊராட்சி அலுவலகத்தின் மீது திரும்ப வேண்டிய கோபம் சேரியின் மீது திரும்பியது. எதிர்ப்புகளுக்குப் பின் அந்த ஆண்டு முடிவதற்குள் இம்முறை கைவிடப்பட்டது.

இதில் எவரும் யாரையும் அடிக்கவில்லை. சாதிப் பெயர் சொல்லித் திட்டவில்லை. தில்லியில் ஒரு மென்பொருளில் ஒரு கூடுதல் கட்டம் சேர்க்கப்பட்டது, அவ்வளவே. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் எந்தப் பிரிவிலும் அடங்காத இந்தச் செயல், எத்தனையோ வேலைத் தளங்களில் தொழிலாளர் ஒற்றுமையைச் சாதி வழியே பிளந்தது. தொழில்நுட்பம் நடுநிலையானது என்று பேசும் நண்பர்களிடம் இந்த ஒரு நிகழ்வை மட்டும் எடுத்துச் சொல்லுங்கள்.

அதே திட்டத்தில் 2024 ஜனவரி 1 முதல் ஆதார்வழிக் கூலி வழங்கல் கட்டாயமாக்கப்பட்டது. கணக்கு எண்ணுக்குப் பதிலாக ஆதார் எண்ணே பணத்தின் முகவரி. அந்த ஆதாருடன் கடைசியாக இணைக்கப்பட்ட கணக்குக்குப் பணம் போகும். தொழிலாளி தாம் அறியாமலே இன்னொரு கணக்கு தொடங்கப்பட்டிருந்தால் கூலி அங்கே போய்ச் சேரும். இது கற்பனையான அச்சமன்று. 2017-ல் ஏர்டெல் பேமென்ட்ஸ் வங்கி, கைபேசி எண்ணைச் சரிபார்க்க வந்தவர்களுக்கு அவர்களது தெளிவான ஒப்புதலின்றிக் கணக்குகளைத் தொடங்கியது. சமையல் எரிவாயு மானியம் அக்கணக்குகளுக்குத் திரும்பியது. ஆதார் ஆணையம் அந்நிறுவனத்தின் சரிபார்ப்பு உரிமத்தை இடைநிறுத்தியது. ரிசர்வ் வங்கி 2018-ல் 5 கோடி ரூபாய் தண்டம் விதித்தது.

ஏட்டை வைத்திருப்பவருக்கு இன்னோர் அதிகாரமும் உண்டு: ஓசையின்றிக் கழித்துக்கொள்வது. குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்குகளில், மாதத்துக்கு நான்குக்கு மேற்பட்ட ஒவ்வொரு பற்றுக்கும் பாரத ஸ்டேட் வங்கி 17 ரூபாய் 70 காசு பிடித்தது, யு.பி.ஐ. வழியே செலுத்தியவர்களிடமும் பிடித்தது. இருபது ரூபாய்க்குக் காய்கறி வாங்கிய ஏழைப் பெண் ஏறக்குறைய அதே தொகையை வங்கிக்குத் தண்டமாகக் கட்டினார் என்று பொருள். 2015 முதல் 2020 வரை இவ்வாறு 300 கோடி ரூபாய்க்கு மேல் வசூலானதை மும்பை ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆஷிஷ் தாஸ் தமது ஆய்வில் வெளிக்கொணர்ந்தார். நேரடி வரிகள் வாரியம் 2020 ஆகஸ்டில் தலையிட்ட பின் ஒரு பகுதி திருப்பித் தரப்பட்டது. தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் முதன்முறை வந்தபோதும் இதுவே நடந்தது. பழைய கட்டணப் பாக்கிக்கென அத்தொகையைச் சில வங்கிகள் பிடித்துக்கொண்டதை மாநில நிதியமைச்சரே கண்டிக்க வேண்டி வந்தது. பெயரில் ‘உரிமை’ இருந்தது. கணக்கில் அது நுழைந்த கணமே வங்கியின் ‘சரிக்கட்டும் உரிமை’ முந்திக்கொண்டது.

சரி, மையம் இவ்வளவு ஆபத்தானது என்றால் மையத்தையே அகற்றிவிடலாமே என்று கல்லூரி மாணவர்கள் எங்களிடம் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானது. எண்மப் பணம் ஒரு கோப்பு. கோப்பை எத்தனை படி வேண்டுமானாலும் எடுக்கலாம். ஒரே ரூபாயை இருவருக்குக் கொடுத்து ஏமாற்றாமல் தடுக்க யாரேனும் ஓர் ஏட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த ‘யாரேனும்’ ஒரு வங்கியாக இல்லாமல், ஏட்டின் படியை ஆயிரக்கணக்கான கணினிகள் வைத்திருந்து ஒன்றையொன்று சரிபார்ப்பதே பிட்காயினின் வழி. எல் சால்வடார் அரசு 2021-ல் அதைச் சட்டபூர்வப் பணமாக்கியது. மக்கள் பெரிதும் பயன்படுத்தவில்லை. 2025-ல் வணிகர்கள் அதைக் கட்டாயம் ஏற்க வேண்டும் என்ற விதியை விலக்கிக்கொண்டது. காலையில் நூறாக இருந்தது மாலையில் எண்பதாகும் பணத்தில் எந்தக் கூலித் தொழிலாளி வாழ முடியும்? கடவுச்சொல்லைத் தொலைத்தால் முறையிட ஒரு வாசலும் இல்லாத அமைப்பு, வாதாட வழக்கறிஞர் இல்லாதவர்களுக்குப் பொருந்தாது. இதைப் பற்றி இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

நாம் நிதானமாகப் பேச வேண்டியது வேறொரு பரவலாக்கத்தைப் பற்றி. கென்யாவில் 2007-ல் தொடங்கிய எம்-பெசா, ஏடு ஒரே நிறுவனத்திடம் இருந்தபோதிலும், பணத்தை உள்ளே போடவும் வெளியே எடுக்கவும் பல்லாயிரம் பெட்டிக்கடை முகவர்களை உருவாக்கியது. சாதாரண கைபேசியின் குறுஞ்செய்தி போதும். வங்கிக் கணக்கு வேண்டாம். உலகெங்கும் இதுவே முன்மாதிரியாகப் போற்றப்படுகிறது. இந்தியாவில் வங்கி முகவர்கள் கைரேகைக் கருவியுடன் ஊர் ஊராகச் செல்வதும் அதன் ஒரு வடிவம்தான். ஆனால் நம் ஊர்களில் அந்த முகவர் எங்கே அமர்கிறார்? ஊருக்குள்ளா, சேரியிலா? பெரும்பாலும் கடையும் இணைய வசதியும் உடைய ஒருவருக்கே முகவர் உரிமை கிடைக்கிறது. கடை ஊர்த் தெருவில்தான் இருக்கிறது. தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில் 2022 செப்டம்பரில் நடந்ததை நினைவுகூருங்கள். தின்பண்டம் வாங்கக் காசுடன் வந்த தலித் குழந்தைகளிடம், ஊர்க் கட்டுப்பாடு இருப்பதால் இனி உங்களுக்கு விற்க மாட்டோம் என்று கடைக்காரர் சொன்னார். அதைப் படம்பிடித்துப் பரப்பியதால்தான் வெளியுலகு அறிந்தது. குழந்தைகள் கையில் பணம் இருந்தது. அந்தக் கடைக்காரரே வங்கி முகவராகவும் இருந்திருந்தால் அக்குழந்தைகளின் தாய்மார் தங்கள் கூலியை எங்கே போய் எடுத்திருப்பார்கள்?

ஊரைத் தன்னாட்சியின் அலகாக்க வேண்டும் என்ற காந்திய வாதத்தை 1948 நவம்பர் 4 அன்று அரசமைப்பு அவையில் அண்ணல் ஏன் அவ்வளவு கடுமையாக மறுத்தார் என்பதை நாம் அறிவோம். அதிகாரத்தை மையத்திலிருந்து எடுத்து ஊரிடம் கொடுப்பது, அதை ஆதிக்கச் சாதியிடம் கொடுப்பதே என்ற அவரது புரிதல் பணத்துக்கும் பொருந்தும். ஆகவே தலித் இயக்கம் ‘மையமா, பரவலாக்கமா’ என்ற இருமையில் ஒரு பக்கம் சாய்ந்து நிற்க முடியாது. விதியும் பாதுகாப்பும் ஊரைக் கடந்த ஓரிடத்தில் இருக்க வேண்டும். வாசல் மட்டும் பலவாக இருக்க வேண்டும். அவற்றில் ஒன்றேனும் சேரிக்குள் இருக்க வேண்டும்.

பணம் கைமாறும் இடம் நெடுங்காலமாகத் தீண்டாமையின் இடமாகவே இருந்து வந்திருக்கிறது. சில்லறையைக் கைபடாமல் மேலிருந்து போடுவதும், பலகையில் வைத்துத் தள்ளுவதும் நம் பெற்றோர் தலைமுறையின் அன்றாட அனுபவம். க்யூ.ஆர். அட்டை அந்தத் தொடுகையையே தேவையற்றதாக்கிவிட்டது. இதை விடுதலை என்று கொண்டாடும் நண்பர்களும் உண்டு. அவர்கள் சொல்வதில் ஓரளவு உண்மை இருக்கிறது. எங்களுக்கும் அந்த நிம்மதி புரிகிறது. ஆயினும் தீண்டாமையைக் கடைப்பிடிப்பவரும் அதே அளவு நிம்மதி அடைகிறார்: இனி அவர் எதையும் தொட வேண்டியதில்லை, சாட்சியும் இருக்காது. முன்பு கையில் இருந்த அடையாளம் இப்போது முகவரியில் இருக்கிறது. கொட்டிவாக்கத்தின் அஞ்சல் குறியீடு 600041; அங்கே வேலைக்கு வருபவர்கள் வாழும் கண்ணகி நகரின் குறியீடு 600097. கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் நகரின் நடுப்பகுதிகளிலிருந்தும் பிடுங்கி எறியப்பட்ட, பெரும்பாலும் தலித்துகளான மக்களின் மறுகுடியமர்வு அது. ‘கண்ணகி நகர்’ என்றதும் வேலையும் கடனும் மறுக்கப்படுவதை அங்குள்ள இளைஞர்கள் பல்லாண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். பரிமாற்றத் தரவை வைத்துக் கடன் தகுதியைக் கணிக்கும் செயலிகள் சாதியைக் கேட்பதில்லை. முகவரியைக் கேட்டால் போதுமே.

சென்னைக்கு ஏற்ற ஓர் ஒப்பீடு பிரேசிலில் இருக்கிறது. ஃபோர்த்தலேசா நகரின் கடற்கரையில் வாழ்ந்த மீனவர்களும் ஏழைகளும் அப்புறப்படுத்தப்பட்டு, 1973-ல் நகருக்கு வெளியே வசதியேதுமற்ற சதுப்பு நிலத்தில் குடியேற்றப்பட்டார்கள். அந்தக் குடியிருப்பின் பெயர் கொன்ஜுன்டோ பல்மெய்ராஸ். செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் நம் கண்முன் வருகின்றன அல்லவா? அம்மக்களின் குடியிருப்போர் சங்கம் 1998-ல் ‘பாங்கோ பல்மாஸ்’ என்ற சமுதாய வங்கியைத் தொடங்கியது. ஏழ்மைக்குக் காரணம் பணம் இல்லாமை மட்டுமன்று, வரும் பணம் அன்றே வெளியேறிவிடுவதும்தான் என்று அவர்கள் கண்டார்கள். எனவே அரசு நாணயத்துக்கு ஒன்றுக்கு ஒன்று ஈடான, அப்பகுதிக் கடைகளில் மட்டும் செல்லுபடியாகும் ‘பல்மாஸ்’ தாள்களை வெளியிட்டார்கள். அவற்றில் வட்டியில்லாக் கடன் கொடுத்தார்கள். பின்னர் அது கைபேசித் தளமாகவும் வளர்ந்தது. ரியோ டி ஜெனீரோ மாநிலத்தின் மரிக்கா நகராட்சி 2013-ல் ‘மும்புகா’ என்ற உள்ளூர் நாணயத்தைத் தொடங்கி, குடிமக்களுக்கான அடிப்படை வருமானத்தை அதன் வழியே வழங்கி வருகிறது. கென்யாவின் மொம்பாசாவில் 2013-ல் ஒரு சேரிப் பகுதியில் இதே போன்ற ‘பங்களா-பெசா’ தொடங்கியபோது அமைப்பாளர்கள் கைது செய்யப்பட்டார்கள். பிறகு அவ்வழக்கு கைவிடப்பட்டது.

கண்ணகி நகரில் ஒரு மகளிர் கூட்டமைப்பு இதைச் செய்ய முடியுமா? 2007-ஆம் ஆண்டின் பணப்பட்டுவாடா மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, ரிசர்வ் வங்கியின் அங்கீகாரம் இன்றி எவரும் பணப்பட்டுவாடா முறையை நடத்துவதைத் தடுக்கிறது. ஒரு கடை தன் பொருள்களை வாங்க மட்டும் முன்பண அட்டை கொடுத்தால் அங்கீகாரம் தேவையில்லை. பத்துக் கடைகள் ஏற்கும் பணப்பை என்றால் தேவை. வங்கியல்லாத நிறுவனம் அதற்கு விண்ணப்பிக்கும்போதே 5 கோடி ரூபாய் நிகர மதிப்பு வைத்திருக்க வேண்டும். மூன்று நிதியாண்டுகளுக்குள் அதை 15 கோடியாக்க வேண்டும். மக்கள் பணத்துக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. சீட்டுப் பிடித்து ஓடியவர்களால் தீபாவளியை இழந்த குடும்பங்களை இங்கே ஒவ்வொரு தெருவிலும் காட்டலாம். ஆனால் வாரந்தவறாமல் சந்தாக் கட்டிக் கடனைத் திருப்பிச் செலுத்தும் சுய உதவிக் குழுக்கள், 1989-ல் தருமபுரியில் தொடங்கி முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ்நாட்டில் இயங்குகின்றன. அவற்றின் கூட்டமைப்புகளுக்கு, பெற்ற தொகை முழுவதையும் அரசு வங்கியில் தனிக் கணக்கில் வைக்க வேண்டும், ஒருவருக்கு இவ்வளவுக்கு மேல் இல்லை என்ற கட்டுப்பாடுகளுடன் ஒரு சிறிய படிநிலை உரிமம் வழங்க ரிசர்வ் வங்கிக்குத் தடையேதும் இல்லை. 15 கோடி என்னும் வேலி மோசடிக்காரரை மட்டும் தடுப்பதில்லை. சேரியையும் வெளியே நிறுத்துகிறது.

வலையமைப்பு இல்லாத வேளையில் என்ன செய்வது என்பது வடிவமைப்பின் மற்றொரு கேள்வி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தென்சென்னையின் தாழ்வான பகுதிகளில் மின்சாரமும் கைபேசி இணைப்பும் நாட்கணக்கில் இல்லை. பணம் கணக்கில் இருந்தது. பால் பாக்கெட் வாங்க முடியவில்லை. இணைப்பின்றிச் சிறு தொகைகளைச் செலுத்த ரிசர்வ் வங்கி 2022 ஜனவரியில் விதிமுறை வகுத்தது. அருகருகே வைத்த இரு கைபேசிகளுக்கிடையே இணையமின்றிப் பணம் அனுப்பும் வசதி 2023-ல் வந்தது. ஆனால் அதற்குரிய சில்லு விலை கூடிய கைபேசிகளில்தான் இருக்கிறது. சாதாரணப் பொத்தான் கைபேசிக்கென *99# முறையும், 2022 மார்ச்சில் வந்த 123பே முறையும் உள்ளன. இவற்றை எங்கள் சட்ட உதவி முகாம்களில் கேட்டால், பெயர் தெரிந்தவரே அரிது. விளம்பரப் பலகைகள் எல்லாம் யாருடைய கைபேசிக்காக எழுப்பப்பட்டன என்பது இதிலிருந்தே தெரிகிறது.

அந்தப் புயலுக்குப் பின் தமிழ்நாடு அரசு 6,000 ரூபாய் நிவாரணத்தை நியாயவிலைக் கடைகள் வழியே ரொக்கமாகக் கொடுத்தது. வங்கிக் கணக்கில்தான் செலுத்த வேண்டும் என்று உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். நீதிமன்றம் ரொக்க வினியோகத்துக்குத் தடை விதிக்கவில்லை. ரொக்கம் பழமையானது, ஊழலுக்கு வழிவகுப்பது என்று ஆங்கிலத் தொலைக்காட்சியில் பேசியவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. பெண்கள் நடந்து போகும் தொலைவில், முகம் தெரிந்த ஊழியர்களுடன், வங்கிக் கட்டணப் பிடித்தமின்றி, இணைப்பு அறுந்த நகரில் பணத்தைக் கொண்டு சேர்க்கும் ஒரு பரவலாக்கப்பட்ட அமைப்பு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கட்டியது எந்தப் புத்தொழில் நிறுவனமும் அன்று; கூட்டுறவுச் சங்கங்கள். எண்ம முறை எவ்வளவு வளர்ந்தாலும் ரொக்கமாகப் பெறும் உரிமை சட்டத்தில் நிலைக்க வேண்டும் என்று நாம் கோருவதற்கு இதுவே காரணம்.

எண்மப் பதிவால் நமக்குப் பயனே இல்லை என்று சொல்ல மாட்டோம். வழக்கறிஞர்களாகச் சொல்கிறோம்: வீட்டுவேலைத் தொழிலாளிக்கு மாதந்தோறும் யு.பி.ஐ.யில் வந்த 4,000 ரூபாயின் பதிவு, ‘இவர் எங்கள் வீட்டில் வேலையே செய்யவில்லை’ என்று முதலாளி மறுக்கும்போது கல்வெட்டாக நிற்கும். செங்கற்சூளையில் முன்பணம் கொடுத்துக் குடும்பத்தையே கட்டிப்போடும் வழக்குகளில், எவ்வளவு கொடுத்தார்கள், எவ்வளவு பிடித்தார்கள் என்பதே போராட்டம். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இன் 15-ஆம் பிரிவு, அது கொத்தடிமைக் கடன் அன்று என்று மெய்ப்பிக்கும் சுமையைக் கடன் கொடுத்தவர் மீதே சுமத்துகிறது. கைபேசிப் பதிவு அச்சுமையை இன்னும் கனமாக்கும். பொருளாதாரப் புறக்கணிப்பைக் குற்றமாக்கும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(இசட்சி) பிரிவின் கீழ் வழக்குத் தொடுக்கும்போதும், நேற்று வரை நடந்த கொடுக்கல் வாங்கல் இன்று நின்றுபோனதற்கு இதைவிடச் சிறந்த சான்று இல்லை. ஆனால் பதிவு இருபுறமும் வெட்டும். 2025 ஜூலையில் கர்நாடகத்தில் யு.பி.ஐ. வரவுகளை வைத்துச் சிறு வணிகர்களுக்கு வரி அறிவிப்புகள் பாய்ந்தபோது, வரியே இல்லாத காய்கறி விற்பவருக்கும் அறிவிப்பு போனது. பெங்களூரில் பல கடைகள் க்யூ.ஆர். அட்டையைக் கழற்றிவிட்டு ‘ரொக்கம் மட்டும்’ என்று எழுதி வைத்தன.

முடக்கம் குறித்துச் செயற்பாட்டாளர்கள் கையில் வைத்திருக்க வேண்டியவை சில. காவல்துறை சொத்தைக் கைப்பற்றும் அதிகாரம் முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 102-ஆம் பிரிவிலும், இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவிலும் உள்ளது. கைப்பற்றியதை நடுவர் நீதிமன்றத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும். கேரள உயர் நீதிமன்றம் 2023-லும், சென்னை உயர் நீதிமன்றம் 2024-லும், ஐயத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்துக் கணக்கின் எஞ்சிய பகுதியை இயங்க விட வேண்டும் என்ற திசையில் ஆணையிட்டுள்ளன. நம் கணக்கிலிருந்தே பணம் திருடப்பட்டால், மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்குத் தெரிவித்தவருக்கு, பிழை அவருடையதாக இல்லாதபோது, பொறுப்பு ஏதுமில்லை. பிழை வாடிக்கையாளருடையது என்று மெய்ப்பிக்க வேண்டியது வங்கி. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை இதைச் சொல்கிறது. அனுப்பிய பணம் உரியவரைச் சேராமல் திரும்பவும் தாமதித்தால், வரையறுத்த காலத்துக்கு மேல் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது 2019 செப்டம்பர் சுற்றறிக்கை. இழப்பீடு வாடிக்கையாளர் கேளாமலே தரப்பட வேண்டியது. தானாகத் தந்த வங்கியை நாங்கள் இன்னும் சந்திக்கவில்லை.

இவையெல்லாம் நிகழ்ந்த பின் செய்யும் மருத்துவம். வடிவமைப்பிலேயே இருக்க வேண்டியது வேறு. குறிப்பிட்ட தொகைக்குக் கீழான வரவு எதுவும் முழுக் கணக்கை முடக்கக் காரணமாகக் கூடாது என்பதை மென்பொருளில் எழுத முடியும். கழிப்பதற்கும் பிடிப்பதற்கும் எழுதியவர்களுக்கு இது அரிய செயலன்று. முடக்கம் நிகழ்ந்த அன்றே, யார், எந்த வழக்கில், எவ்வளவு தொகைக்கு என்று தமிழில் ஒரு குறுஞ்செய்தி வர வேண்டும். கூலி, ஓய்வூதியம், கல்வி உதவித்தொகை, உரிமைத் தொகை ஆகியவற்றை வங்கிகள் எந்தப் பாக்கிக்கும் பிடிக்க முடியாத தனிப் பையாக்க வேண்டும். கழகத்தின் இயக்குநர் குழுவில் வங்கியாளர்களுக்கு அருகே தொழிலாளர் அமைப்புகளுக்கும் பட்டியல் சாதியினருக்கும் இடம் வேண்டும். வாசலைப் பற்றி முடிவெடுக்கும் அறையில் வாசலில் நிற்பவர் இருக்க வேண்டும்.

இட்லி வண்டிப் பெண்ணின் கணக்கு ஏழு வாரங்களுக்குப் பின் திறந்தது. உயர் நீதிமன்ற ஆணைகளின் படிகளை இணைத்து மூன்று கடிதங்கள் எழுதினோம். மனுத் தாக்கல் செய்யப் போகிறோம் என்ற நான்காவது கடிதத்துக்குப் பின் 60 ரூபாயை மட்டும் நிறுத்திவைத்து மீதியை விடுவித்தார்கள். அந்த ஏழு வாரமும் அவர் பத்து வட்டிக்குக் கடன் வாங்கி உளுந்து வாங்கினார். அந்த வட்டியை யாரிடம் கேட்பது என்று எங்களைக் கேட்டார். அதற்கான இழப்பீட்டு மனுவை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறோம். வண்டியில் க்யூ.ஆர். அட்டை மீண்டும் தொங்குகிறது. இம்முறை அது வேறொரு வங்கியின் கணக்கு, அன்றன்று மாலையே அதிலுள்ள பணத்தை எடுத்துவிடுகிறார்.